சேர்வராயனுக்குப் போன பனிச்சறுக்குப் பை

சென்ற மாதம் வாசகி ஒருத்தி கேட்டிருந்தாள். "அக்கா, முதல்முறையாக இமயமலைப் பக்கம் ஏறப் போகிறேன். பனிச்சறுக்குப் பலகையையும் முதுகில் கட்டிக்கொண்டு ஏற வேண்டுமாம். எடை குறைந்த பையாக எதை வாங்கலாம்?" நான்கு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். நான்கு வரியில் அடங்குகிற சங்கதியாக அது இல்லை. பையைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயங்கள் எல்லாமே ஏற்காட்டில் கற்றவை. உறைபனியைக் கண்ணால் பார்த்திராத மலை அது. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி, ஒரு மே மாதம். நான் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என் தோழி ஸ்டெல்லா சேலத்திலேயே நர்ஸ். ஏற்காட்டுக்காரி, அவள் அப்பா அங்கே ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். இருவரும் ஒன்றாக வடக்கே போய் மலையேற்றப் பயிற்சி முடித்திருந்தோம். அந்த வருடம் கார்வால் பக்கத்துச் சிகரம் ஒன்றுக்குப் போகிற பெண்கள் குழுவில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஏறும்போது சறுக்குப் பலகையை முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அதை மாட்டிக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும். இரண்டாவது முகாமுக்கு மேல் சுமைகூலி ஆட்கள் கிடையாது. அவரவர் சுமை அவரவர் முதுகில். இரண்டு பேருக்கு ஒரு கயிறு, ஒரு கூடாரம். நானும் ஸ்டெல்லாவும் ஒரு ஜோடி. கூடாரம் என் பையில், அடுப்பும் எண்ணெயும் அவள் பையில் என்று முடிவாகியிருந்தது.

எல்லாம் பேசி முடித்தபின் பையில் வந்து முட்டிக்கொண்டது.

ஸ்டெல்லாவிடம் இருந்தது, எங்கள் பயிற்சிக் குழுவிலிருந்து இரவல் வாங்கிய கான்வாஸ் பை. முதுகுப் பக்கம் அலுமினியக் குழாயில் செய்த சட்டம், பித்தளைக் கொக்கிகள், தோல் வார்கள். வெறும் பையே மூன்றரை கிலோ. யானை ஏறி மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. அதே மாதிரி இன்னொன்றும் எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள். நான் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சேலத்தில் என் ரவிக்கை தைக்கும் டெய்லரிடம் பாராசூட் துணி வாங்கிக் கொடுத்து, சட்டமே இல்லாத பை ஒன்றைத் தைத்திருந்தேன். தோள் வாருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் நைலான் நாடா கிடைத்தது. முதுகில் உறுத்தாமலிருக்க, சுருட்டிப் படுக்கிற ரப்பர் விரிப்பையே மடித்து உள்ளே சொருகிக்கொள்ளலாம். தலையில் சுருக்குக் கயிறு போட்ட ஒரே வாய். கடைத் தராசில் நிறுத்தேன். ஒரு கிலோவுக்கு நூறு கிராம்தான் கூட. எனக்கு வந்த பெருமை சொல்லி மாளாது.

ஸ்டெல்லா அதைத் தூக்கி இரண்டு முறை குலுக்கிப் பார்த்தாள். "இதுல காய் வாங்கிட்டு வரலாம்" என்றாள்.

"ரெண்டரை கிலோ கிட்ட மிச்சம்டி. மேல போனா ஒவ்வொரு கிராமும் உசிரை வாங்கும்."

"நாடா அறுந்து பை பள்ளத்துல போச்சுன்னா? கூடாரம் அதுலதான இருக்கு. ராத்திரி ரெண்டு பேரும் எங்க படுக்கறது? இந்தப் பையோட நீ வந்தா நான் உன்கூட ஒரே கயித்துல வரமாட்டேன் வசந்தி. விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜோடி இல்லாமல் யாரும் மேலே போக முடியாது என்பது குழுத்தலைவியின் சட்டம். ஸ்டெல்லா வரவில்லை என்றால் அவளும் இல்லை, நானும் இல்லை. இரண்டு பேரும் அடிவார முகாமில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியதுதான். எனக்கோ அந்த மூன்றரை கிலோ பூதத்தைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்பதில் சந்தேகமே இல்லை. நான் ஒல்லி. ஆளைவிடப் பை கனம் என்று அப்போதே கேலி செய்வார்கள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இரண்டு பையிலும் சரிசமமாகச் சுமை ஏற்றி, ஏற்காட்டுச் சேர்வராயன் மலையில் ஒரு நாள் நடந்து பார்ப்பது. பாதி வழியில் பையை மாற்றிக்கொள்வது. என் பை பிழைத்தால் அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிழைக்காவிட்டால் நான் கான்வாஸுக்கு வந்துவிட வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ் டிக்கெட் அப்போது மூன்று ரூபாய் சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கும். வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். முதல் நாள் மாலை ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சறுக்குப் பலகைக்கு எங்கே போவது? அவள் மாமா ஒருவர் மரம் அறுக்கும் கடை வைத்திருந்தார். என் உயரத்துக்கு நான்கு சில்வர் ஓக் பலகைகளை இழைத்துக் கொடுத்தார். பைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் கட்டி, மேல்முனை இரண்டையும் தலைக்கு மேலே சேர்த்துப் பிணைத்தோம். சறுக்குப் பலகையை அப்படித்தான் கட்டுவது வழக்கம். லாரியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் துணி கட்டுவார்களே, அந்த மாதிரி உச்சியில் ஒரு துணி கட்டச் சொன்னார் மாமா. கைக்குக் கிடைத்தது மஞ்சள் துணி. இரண்டு பையிலும் கட்டினோம்.

அரிசி, கயிறு, கூடாரம், அடுப்பு எல்லாம் வைத்து, பலகையோடு சேர்த்து ஆளுக்குப் பதினான்கு கிலோ. ஸ்டெல்லாவின் அம்மா காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசில் வைத்துச் சரிபார்த்தோம். பைகளை மாற்றும்போது ஒரு கிராம்கூட வித்தியாசம் இருக்கக்கூடாது என்று நான்தான் ரொம்பக் கறாராக இருந்தேன்.

காலையில் முதல் பஸ் பிடித்து மாரமங்கலம் போனோம். அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்குள் ஒற்றையடிப் பாதையில் மஞ்சக்குட்டை, பிறகு சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி என்று திட்டம். எங்கள் சுற்றுவழியில் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அன்றைக்குக் கோயிலில் திருவிழா என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். கூட்டத்துக்கு நடுவில் சுமையோடு நடப்பது நல்ல பயிற்சி என்று சொன்னாள். கூட்டம் எங்களைப் பார்த்து என்ன நினைக்கும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

டீக்கடையில் நின்றபடி பன் தின்றுகொண்டிருந்தோம். ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். என் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முந்தானையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார்.

"ஏனுங்க கண்ணு, எங்கூட்டுல காலு ஒடஞ்சு படுத்திருக்காருங்க. இந்த வருசம் ஏற முடியல. நீங்க போறீங்கல்ல, இதையும் சேத்துச் சாமிகிட்டக் குடுத்துருங்க. பொன்னம்மா ஊட்டுதுன்னு சொல்லுங்க."

நான் முழித்தேன். ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "அம்மா, இது வேண்டுதல் இல்லைங்க. இது பனிமலையில வழுக்கிட்டு எறங்கற பலகைங்க. நாங்க பழகிப் பாக்கறோம்."

"வழுக்கறதுக்காங்க மேல ஏறுவாங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். கடையே சிரித்தது. அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை; எனக்கும் அந்தக் கேள்வி பல தடவை வந்திருக்கிறது.

"அதுவுமில்லாம நான் கிறிஸ்டியனுங்கம்மா" என்றாள் ஸ்டெல்லா.

"அதுனால என்னங்க? சாமி வேண்டாங்குதா?" என்று சொல்லிவிட்டுப் பொன்னம்மாள் என் பையின் சுருக்கைத் தளர்த்தித் தேங்காயை உள்ளே இறக்கிவிட்டார். விவாதம் முடிந்தது. மஞ்சள் துணி கட்டி, காவடி மாதிரி முதுகுக்கு மேல் வளைவு வைத்து, முழுக்கால் சட்டை போட்டு, திருவிழாவன்று மலையேறுகிற இரண்டு பெண்கள் வேறு எதற்குப் போவார்கள்? கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை. நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் என்று வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரு படி மிளகு. இன்னொரு தேங்காய், அதன்மேல் இன்னொன்று. ஒருவர் வெல்லக் கட்டி தந்தார். ஸ்டெல்லாவின் பையில் கொக்கிகளைக் கழற்றி மூடியைத் திறப்பது பெரிய வேலை. என் பையோ சுருக்கைத் தளர்த்தினால் வாயைத் திறந்துகொள்ளும். ஆகவே பத்தில் எட்டு என் முதுகில்தான் விழுந்தது. முந்தின நாள் கிராம் சுத்தமாக நிறுத்த பரீட்சை, மாரமங்கலம் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே நாசமாகிவிட்டது.

எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் பையை இறக்கிப் பாதியை ஸ்டெல்லாவிடம் தள்ளலாம் என்று ஒரு மரத்தடியில் குந்தினேன். கூடவே நடந்து வந்த திருவிழாக் கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

"எறக்காதீங்க சாமி! சாமிக்குப் போற சொமையத் தரையில வெக்கப்படாதுங்க!"

இரண்டு ஆண்கள் ஓடிவந்து என் பையை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். "இப்படியே நின்னு எளப்பாறிக்குங்க. நாங்க புடிச்சுக்கறோம்." இளைப்பாறினேன். நின்றபடியே தண்ணீர் குடித்தேன். யாரோ என் நெற்றியில் திருநீறு வைத்தார்கள். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றியிலும் திருநீறு ஏறியது. அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

ஆனால் நடக்க நடக்க எனக்குள் கோபம் வடிந்துபோய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எங்கள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வருடம் முழுவதும் நேர்ந்து வைத்திருந்ததை, திரும்பிப் பார்க்காமல் எங்கள் பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். நாங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்போமா என்ற சந்தேகம் ஒரு முகத்தில்கூட இல்லை. சில்வர் ஓக் மரங்கள் வானம் மட்டும் நின்றன, அவற்றைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருந்தது, மேகம் பாதையிலேயே எங்களுக்கு முன்னால் நடந்து போனது. எனக்குப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. இத்தனை பேருடைய நம்பிக்கையும் ஒரு ரவிக்கை டெய்லரின் தையலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மஞ்சக்குட்டையைத் தாண்டி ஏற்றம் செங்குத்தாகிற இடத்தில் அந்தத் தையல் விட்டது.

'டர்ர்' என்று என் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். தோள் வார் பையின் மேல்பக்கம் சேருகிற இடம். முழுக்க அறுந்துவிடவில்லை, ஒவ்வொரு அடிக்கும் இரண்டு இரண்டு நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. பை இடது பக்கம் சாய்ந்து என்னைப் பள்ளத்துப் பக்கமாக இழுத்தது. "ஸ்டெல்லா!" என்று கத்தினேன். பின்னால் வந்தவள் ஒரே பாய்ச்சலில் வந்து பையின் அடியை இரண்டு கையாலும் தாங்கினாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தோற்றுவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. சிகரத்தில் கழிய வேண்டிய என் நாட்கள் மூன்றரை கிலோ கான்வாஸில் முடியப் போகின்றன என்று அழுகை முட்டியது.

கூட்டத்தில் மயிலா என்று ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவள். மேலே போய் மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்கப் போட, ஒரு பழைய நூல் சேலையைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டு அந்தச் சேலையை உதறினாள்.

"எங்கூட்டுக் குட்டி நொம்பத் துள்ளும்ங்க. அதையே தாங்குது. உங்க மூட்டையத் தாங்காதுங்களா?"

சேலையின் நடுப்பகுதியைப் பையின் அடியில் கொடுத்து, இரண்டு தலைப்பையும் என் தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து மார்பில் முடிச்சுப் போட்டோம். யார் எந்தப் பக்கம் இழுத்தது, யார் முடிந்தது என்று நினைவில்லை, ஆறேழு கைகள். முடிச்சு விழுந்ததும் நான் ஓரடி எடுத்து வைத்தேன். நின்றேன். இன்னோரடி வைத்தேன். காலையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த சுமை, இப்போது முதுகோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது. வாரின் தையல் தாங்க வேண்டிய பாரத்தைச் சேலை அடியிலிருந்து ஏந்திக்கொண்டது. கிழிந்த வாருக்கு வேலையே இல்லை.

"ஸ்டெல்லா, இதைப் போட்டுப் பாருடி" என்றேன். உடன்படிக்கைப்படி பையை மாற்ற வேண்டிய இடமும் அதுதான். தரையில் வைக்கக்கூடாது, ஆனால் தோளுக்குத் தோள் மாற்றலாம் என்று ஒரு பெரியவர் அனுமதி கொடுத்தார். நான்கு பேர் என் பையை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க, நான் கழன்றுகொண்டேன். ஸ்டெல்லா உள்ளே நுழைந்தாள். அவளுடைய கான்வாஸ் பூதம் என் முதுகில் ஏறியது.

அதில் காணிக்கை குறைவு. மொத்தத்தில் என் பையைவிட எடை குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வோர் அடியிலும் அந்தச் சட்டம் நான் ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் போயிற்று. இடுப்பில் இடித்தது. தலையை நிமிர்த்தினால் பின்மண்டையில் குழாய் முட்டியது. பாதையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

உச்சியை நெருங்கினோம். அங்கே மலை திடீரென்று ஏறுவதை நிறுத்திவிட்டு அகன்ற புல்வெளியாகப் படுத்துக்கொள்கிறது. நாங்கள் அதில் கால் வைத்த சமயம் மேகம் விலகியது. "வசந்தி, மேல பாரு! மேல பாரு!" என்று ஸ்டெல்லா கத்தினாள். முன்னால் நின்றிருந்த அவள் கழுத்தை முழுக்கப் பின்னுக்குச் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முடியவில்லை. நிமிர்ந்தேன், குழாய் இடித்தது. மறுபடி நிமிர்ந்தேன், மறுபடி இடித்தது. கடைசியில் உடம்பையே பக்கவாட்டில் வளைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கிழிந்த மேகத்துக்கு நடுவே கழுகுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசிக் கழுகு ஒரு புள்ளி. அதற்கும் மேலே நீலம். பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினால் சமவெளி ஊர்களும் ஏரிகளும் வெயிலில் கிடந்தன. இமயமலையில் பிறகு எவ்வளவோ பார்த்தேன். அப்படி ஒரு வியப்பு அன்றைக்கு மட்டும்தான்.

பனிச்சுவரில் ஏறுகிறவள் நிமிர்ந்து பார்க்க முடியாவிட்டால், மேலிருந்து வரும் கல்லும் பனிக்கட்டியும் அவளுக்குத் தெரியாது. இது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டெல்லாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கோயில் என்பது ஒரு குகைதான். கூரை தாழ்வு. குனிந்துதான் போக வேண்டும். பலகையை மட்டும் வெளியே உருவிக்கொடுத்துவிட்டு, ஸ்டெல்லா பையோடு குனிந்து உள்ளே போய்விட்டாள். நான் சட்டத்தோடு வாசலில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்து மீட்டார்கள். வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசாரி ஒவ்வொன்றாக வாங்க வாங்க, ஸ்டெல்லா யாருடையது என்று சொன்னாள். பொன்னம்மா ஊட்டுது. டீக்கடைக்கு மேலண்டை ஊட்டுது. மிளகு, ராமாயி ஊட்டுது, பேரனுக்குக் காய்ச்சல். ஒன்றைக்கூட விடவில்லை, ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. நானோ வழியெல்லாம் எடையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் பெயர்களைச் சுமந்து வந்திருந்தாள். என் தோழியைப் பார்த்து நான் மலைத்துப்போனது அதுதான் முதல் தடவை.

சுமை தீர்ந்தது என்று நினைத்தேன். பூசாரி எல்லாருக்கும் தனித்தனியாகப் பிரசாதம் கட்டினார். உடைத்த தேங்காய் மூடி, பழம், திருநீறு. "அவங்கவங்க ஊட்டுல குடுத்துருங்க" என்றார். போனதில் பாதி அதே பைக்குத் திரும்பி வந்தது. இறக்கத்திலும் ஸ்டெல்லா பையை என்னிடம் தரவில்லை. மஞ்சக்குட்டையிலிருந்து மாரமங்கலத்துக்கு ஷேர் ஜீப்பில் போனோம். ஆளுக்கு ஒரு ரூபாய். பிரசாதத்தையும் தரையில் வைக்கக்கூடாதாம். எனவே ஸ்டெல்லா பின்படியில் பையோடு நின்றபடியே வந்தாள். வீடு வீடாகக் கொடுத்து முடித்துக் கடைசி பஸ்ஸில் ஏற்காடு திரும்பினோம்.

வீட்டுக்குள் வந்ததும் நான் தரையில் சரிந்தேன். "சரி ஸ்டெல்லா. தையல் விட்டது விட்டதுதான். எனக்கு எடுத்து வெச்சிருக்கற கான்வாஸையே வாங்கிக்கறேன். நீ பயப்படாம வா" என்றேன்.

அவள் இன்னும் பையைக் கழற்றவில்லை. சேலை முடிச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இங்குமங்கும் நடந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். சறுக்குகிற மாதிரி முட்டியை மடக்கி ஒரு பக்கம் சாய்ந்தாள். பை அவளோடேயே சாய்ந்தது.

"நீ என்னத்தையாவது வாங்கிக்க. இது என்னுது" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"நாடாவைத் தெச்சு ஒட்டவெச்சா பிரியத்தான் செய்யும். இந்தச் சேலை மாதிரி அடியில குடுத்து ஒரே நாடாவா மேல கொண்டுவரச் சொல்லு. அப்புறம் எப்படி அறும்னு பாக்கறேன். உனக்கு வேணும்னா இன்னொண்ணு தெச்சுக்க."

அவள் அம்மா பிரசாத வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி எங்கள் இருவரையும் பார்த்து, "மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் சேலையைத் துவைத்துக் காயவைத்து மயிலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் சேலம் பஸ் ஏறினோம்.

டெய்லர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பை தைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே நீள நாடா. அடியைச் சுற்றி, முதுகில் ஏறி, தோளாகத் திரும்பி வந்தது. எடை ஒன்றே கால் கிலோ ஆயிற்று. அடிவார முகாமில் குழுத்தலைவி என் பையைச் சமையல் கொட்டகையின் உத்தரத்தில் மாட்டி, தோள் வாரைப் பிடித்துத் தன் முழு எடையோடும் தொங்கினார். உத்தரம்தான் முனகியது. மூன்றாவது முகாமில் மதியமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. என் பையிலிருந்து கூடாரம் வெளியே வந்தது. நாங்கள் உள்ளே போனோம். அந்தப் புயலைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் போனதே எங்களுடைய பாக்கியம்.

இனி, கேட்ட வாசகிக்கு. இப்போது கடைகளில் என்னைப் போன்றவர்கள் கனவிலும் பார்த்திராத பைகள் கிடைக்கின்றன. வெறும் பையின் எடையை முதலில் பாருங்கள். ஒன்றரை கிலோவைத் தாண்டினால் அதற்கு என்ன நியாயம் என்று கேளுங்கள். உங்கள் உயரத்தை விட்டுவிட்டு முதுகின் நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். முட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வார் சேருகிற இடத்தை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். தொங்குகிற ஜேபிகள் அழகாக இருக்கும், பாறையில் மாட்டும். ஏறும்போது கனமான பொருள் முதுகை ஒட்டி மேலே இருக்கட்டும். சறுக்கி இறங்கும்போது அதையே கீழே இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வளைவில் உங்களைக் குப்புறத் தள்ளும். திட்டமிட்ட சுமையைவிடப் பாதி கூடவே ஏற்றிப் பழகுங்கள். அறுந்து போவதானால் ஊரிலேயே அறுந்து போகட்டும்.

பழகுவதற்குச் சேர்வராயன் மலை நல்ல இடம். மே மாதம் கூட்டம் அதிகம், ஆனால் நான் மே மாதத்தைத்தான் சொல்வேன். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மேகம் வழியை மூடிவிடும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்று. உங்களோடு ஒரே கயிற்றில் வரப்போகிறவர் யாரோ, அவர் தோளில் உங்கள் பையை முழுச் சுமையோடு மாட்டி ஒரு நாள் நடக்கவிடுங்கள். சாயங்காலம் அதைக் கழற்றித் தர அவர் மறுத்தால், தைரியமாக மலைக்குப் போங்கள்.